பதினேழாம் நம்பர் ஹெல்மெட்

நீங்கள் ஏறாத ஒரு மொட்டைமாடியில், நீங்கள் தொடாத ஒரு பிரேக்கை, நீங்கள்தான் சோதித்தீர்கள் என்று ஒரு கம்ப்யூட்டர் திரை சொன்னால் யாரை நம்புவீர்கள்? உங்களையா, திரையையா?

உங்களைத்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். சுற்றி இருக்கிற அத்தனை பேரும் திரையை நம்பினால், நம் மேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒருவேளை போனோமோ, மறந்துவிட்டோமோ என்று மனசு அரிக்கும்.

அந்த மருமகளுக்கு அரிக்கவில்லை. அவள் மாமியாருக்கும் அரிக்கவில்லை. அதனால்தான் மாமியார் சலவைக்கடைக்கு மேலே இருந்த துப்பறியும் அலுவலகத்துக்கு, குடையை ஊன்றிக்கொண்டு படியேறி வந்தார்.

அந்த அலுவலகத்தில் மொத்தம் இரண்டு பேர். துப்பறிகிறவரை எல்லோரும் பொடிநடை என்று கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் நடைதான், எத்தனை மாடியானாலும் படிதான். லிஃப்டில் அவர் கால் வைக்கமாட்டார். உதவியாள் சில்லறை. பஸ் கண்டக்டராக இருந்தவள். வாய் சும்மா இருந்திருந்தால் இப்போதும் கண்டக்டராகவே இருந்திருப்பாள். அந்தப் பெயரும் பஸ்ஸோடு வந்ததுதான்.

மாமியார் மூச்சு வாங்கி முடிக்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவர் நிறுத்தாமல் சொன்னார். மருமகள் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். போன வாரம் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் சறுக்கி அடித்தளத்தில் போய் மோதியது. உள்ளே இருந்த தையல்கார அம்மாவுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. அந்தப் பிரேக்கைக் கடைசியாகச் சோதித்தது யார் என்று கம்பெனி கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். மருமகள் பெயர் வந்தது. அவள் அந்தக் கட்டிடத்துக்குப் போனதே இல்லை என்கிறாள். நாளைக் காலை லைசென்ஸ் அதிகாரி கம்பெனிக்கு வருகிறார். தப்பை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சில மாதம் சஸ்பென்ஷனோடு விட்டுவிடுவார்கள். போடாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். பிறகு எந்த ஊரிலும் அவள் ஒரு லிஃப்டைத் தொட முடியாது.

"போடமாட்டேன்னு நிக்கறா" என்றார் மாமியார். "நானும் போடாதேன்னுதான் சொன்னேன்."

பொடிநடை மெதுவாகக் கேட்டார். "உங்க மருமக பொய் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லையாம்மா?"

மாமியார் குடையை மேஜை மேல் வைத்தார். "அவ வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அவகிட்ட ஒரே ஒரு பொய்யாவது பிடிச்சிடணும்னு நானும் அலையறேன் சார். இதுவரைக்கும் சிக்கல. எனக்கே சிக்காதது அந்தக் கம்பெனிக்கு எப்படிச் சிக்கும்?"

சில்லறை பொடிநடையைப் பார்த்தாள். "கிளம்பலாம் சார். இதுக்கு மேல ஒரு சாட்சி கோர்ட்லயே கிடைக்காது."

*

கம்பெனி முற்றத்தில் இரும்புக் கயிறு சுற்றிய பெரிய உருளைகள் கிடந்தன. கால் வைத்த இடமெல்லாம் கிரீஸ். சுவரில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒன்றாக மஞ்சள் ஹெல்மெட்டுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் கறுப்புப் பெயின்ட்டில் ஒரு நம்பர். பெயின்ட் நன்றாகக் காய்ந்து, வெடித்து, பழசாகியிருந்தது.

மருமகள் வாசலிலேயே நின்றிருந்தாள். வேலை உடுப்பு, கையில் பதினேழாம் நம்பர் ஹெல்மெட். தலையில் கைக்குட்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். வேலை கிடையாது என்று சொல்லி உட்கார வைத்த பிறகும் தினமும் இப்படியே வந்து நிற்கிறாளாம். அதைச் சொன்னவர் சூப்பர்வைசர். குறையாகத்தான் சொன்னார்.

சூப்பர்வைசர் தலையில் வெள்ளை ஹெல்மெட். அதில் நம்பர் இல்லை. மேற்பார்வை பார்ப்பவர்களுக்கு நம்பர் வேண்டாம் போலிருக்கிறது. நிழலுக்குள் வந்த பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. வெயில் கொளுத்தியதில் அவர் காதோரமாகக் கறுப்பாக ஒரு வேர்வைக் கோடு இறங்கியிருந்தது. கிரீஸ் என்று நினைத்துக்கொண்டாள் சில்லறை.

"இந்தப் பொண்ணுக்கு நல்லதுதான் சொல்றேன்" என்றார் சூப்பர்வைசர். "சின்ன வயசு. கையெழுத்தைப் போட்டுட்டு நாலு மாசம் வீட்ல இருந்துட்டு வரட்டும். அடம் பிடிச்சா யாருக்கு நஷ்டம்?"

"எனக்குத்தான் சார்" என்றாள் மருமகள். "அதான் நானே முடிவு பண்ணிக்கறேன்."

பொடிநடை அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதுவும் பிரேக்கைப் பற்றி அல்ல. இந்தப் புழுக்கத்தில் கைக்குட்டை எதற்கு என்று கேட்டார். ஹெல்மெட்டின் உள்பட்டை தலையில் ஒட்டுகிறது, சாயம் போல எதுவோ வருகிறது, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்றாள். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். ஊருக்கே இடி விழுந்தாலும் சார் கைக்குட்டையைப் பற்றித்தான் கேட்பார் என்று சில்லறை முணுமுணுத்தாள்.

*

முதலாளியின் அறை குளிரூட்டியின் இரைச்சலில் இருந்தது. பொடிநடை, சில்லறை, பின்னாலேயே மருமகள், சூப்பர்வைசர் என்று நாலு பேரும் உள்ளே போனார்கள். முதலாளி தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தார். அவர் மேஜை மேல் மன்னிப்புக் கடிதம் ஏற்கனவே தயாராக இருந்தது, அதன் மேல் மூடி திறந்த பேனா ஒன்று.

"நல்லா பார்த்துக்கோங்க" என்று திரையைத் திருப்பினார். "கம்ப்யூட்டருக்கு மாமனும் இல்ல, மச்சானும் இல்ல. யார் வேலை செஞ்சாங்களோ அவங்க பேரைத்தான் காட்டும்."

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அந்தப் புரோகிராமை எழுதிய ஆள் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைக் கம்ப்யூட்டர்க்காரர் என்றார்கள். தன் குழந்தையைக் காட்டுகிறவர் மாதிரி திரையைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு ஃபார்ம். அதில் பெட்டி பெட்டியாக விவரங்கள். கட்டிடம், லிஃப்ட், தேதி, வேலை. எல்லாவற்றுக்கும் கீழே 'செய்தவர்' என்று ஒரு பெட்டி. அதில் மருமகளின் பெயர் பளிச்சென்று இருந்தது.

தேதியும் அவளுக்கு உதவவில்லை. அந்த நாளில் அவள் கம்பெனியில்தான் இருந்தாள், தற்காலிக வேலையில்.

பொடிநடை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஃபார்மை நெடுநேரம் பார்த்தார். ஓரத்தில் இரண்டு அம்புக்குறிகள் இருந்தன. முன்னால் போக ஒன்று, பின்னால் போக ஒன்று. இந்தப் பெண் செய்த வேலைகளை மட்டும் எடுத்து, பின்னாலேயே போய்க்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் கம்ப்யூட்டர்க்காரர். ஆனால் அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை. ஒரு வேலையைத் திறப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள்.

அம்புக்குறியைத் தட்டத் தட்ட, ஃபார்ம் புரண்டது. ஒரு பல் ஆஸ்பத்திரி. ஒரு நூலகம். ஒரு கார் நிறுத்துமிடம். ஒவ்வொன்றிலும் அதே பெயர். வருஷங்கள் பின்னால் ஓடின. திடீரென்று சில்லறை குனிந்து மருமகளின் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்தத் தேதியில நீங்க என்ன படிச்சிட்டு இருந்தீங்க?"

மருமகள் விரல் விட்டு எண்ணினாள். "அஞ்சாவது."

"பென்சில் சீவுற வயசுல கார் நிறுத்துமிடத்துல போய் பிரேக் ஷூ மாத்தியிருக்கீங்க. வீட்டுப்பாடம் எப்போ எழுதுனீங்க?"

முதலாளி முகம் சுளித்தார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, பழைய தேதிகள் ஏற்றும்போது தப்பாக ஏறியிருக்கும் என்றார். கம்ப்யூட்டர்க்காரருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு தேதிகூடத் தப்பாக ஏற வழியில்லை, பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன் என்றார். அப்படியென்றால் பெயர் தப்பாக ஏறியிருக்குமா என்று பொடிநடை கேட்டார். அதற்கும் வழியில்லை என்றார் அவர். சொல்லிவிட்டுப் பெருமையோடு சேர்த்தார்.

"ஏன்னா பேரு அங்க ஏறவே ஏறாது சார்."

பொடிநடை திரையிலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் பொடிநடை.

கம்ப்யூட்டர்க்காரர் உற்சாகமாகிவிட்டார். இதைக் கேட்க ஒரு ஆள் வரமாட்டானா என்று பல வருஷமாக ஏங்கியவர் போலிருந்தது. உள்ளே இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்றில் வேலைகள், இன்னொன்றில் ஆட்கள். வேலை அட்டவணையில் செய்தவரின் நம்பர் மட்டும்தான் இருக்கும். ஆட்கள் அட்டவணையில் நம்பரும் அதற்கு எதிரே பெயரும் இருக்கும். யாராவது ஃபார்மைத் திறந்தால், அது வேலையிலிருந்து நம்பரை எடுத்துக்கொண்டு பக்கத்து அட்டவணைக்கு ஓடும். இந்த நம்பர் யாருடையது என்று கேட்டு, கிடைத்த பெயரைக் கொண்டுவந்து பெட்டியில் காட்டும். நம்பர் வெறுமனே நின்றால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று அதை மறைத்துவிட்டார்.

"இதுல ஒரு வசதி சார். யாரோட பேராவது தப்பா அடிச்சிருந்தா ஒரே இடத்துல திருத்துனா போதும். பத்து வருஷத்து வேலையிலயும் தானா திருந்திடும்."

"திருந்துமா, மாறிடுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்."

பொடிநடை, அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கம்ப்யூட்டர்க்காரர் ஜன்னல் வழியாக முற்றத்துச் சுவரைக் காட்டினார். ஹெல்மெட் நம்பர்தான். ஆள் வேலைக்குச் சேர்ந்தால் காலியாக இருக்கிற ஹெல்மெட் ஒன்றைக் கொடுப்பார்கள். ஆள் போனால் அது திரும்பக் கொக்கிக்கு வரும். நம்பரை அழித்துப் புதுசாகப் பெயின்ட் அடிக்க யாருக்குப் பொழுது இருக்கிறது. ஹெல்மெட் கை மாறியதும் சூப்பர்வைசரிடமிருந்து துண்டுச் சீட்டு வரும். இவர் ஆட்கள் அட்டவணையில் அந்த நம்பருக்கு எதிரே பழைய பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயரை அடிப்பார். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

சில்லறை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவமே. சார், நம்ம பஸ்ல பதினேழாம் சீட்டுன்னு ஒண்ணு இருக்கும். நேத்து அதுல உக்காந்தவரு ஜன்னலை உடைச்சிட்டு இறங்கிப் போயிட்டாரு. இன்னிக்கு ஒரு அம்மா வந்து உக்காருது. நான் போய், 'பதினேழுதானே, ஜன்னலை ஏன்மா உடைச்சே'ன்னு கேட்டா செருப்பால அடிக்காது?"

முதலாளிக்குப் புரியவில்லை. அல்லது புரிந்து, பிடிக்கவில்லை. கதை சொல்லாதீர்கள், திரையில் பெயர் இருக்கிறது, நான் அதிகாரிக்கு அனுப்பியும் விட்டேன் என்றார். உங்களுக்கு ஐந்து நிமிடம் தருகிறேன், அதற்குப் பிறகு வாசல் அந்தப் பக்கம் என்றார்.

"ஒரு நிமிஷம் போதும்" என்றார் பொடிநடை. அவர் குரல் உயரவில்லை. ஆனால் அவர் முதல் தடவையாக, யாரும் சொல்லாமலே முதலாளிக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினேழுக்கு எதிரே இருக்கிற பெயரை எடுத்துவிட்டு, இந்த அம்மாள் பெயரை அடியுங்கள் என்று சில்லறையைக் காட்டினார்.

கம்ப்யூட்டர்க்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கையை அசைத்தார். ஆட்கள் அட்டவணையில் ஒரே ஒரு வார்த்தை மாறியது. சில்லறை. பிறகு அந்தப் பழைய ஃபார்மைத் திறந்தார்.

கட்டிடம் அதே கட்டிடம். தேதி அதே தேதி. வேலை, பிரேக் சோதனை. செய்தவர், சில்லறை.

அம்புக்குறியைத் தட்டினார். பல் ஆஸ்பத்திரி, சில்லறை. நூலகம், சில்லறை. கார் நிறுத்துமிடம், சில்லறை.

சில்லறை இரண்டு கைகளையும் சேர்த்து முதலாளி முன்னால் நீட்டினாள். "விலங்கை மாட்டுங்க சார். ஏணியில ஏறுனா எனக்குத் தலை சுத்தும். ஆனா கம்ப்யூட்டருக்குத்தான் மாமன் மச்சான் கிடையாதே."

முதலாளியின் முகம் சுருங்கியது. கம்ப்யூட்டர்க்காரர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். தன் குழந்தை அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்ததைப் பார்த்த முகம் அது.

மருமகள் அதுவரை கதவோரம் நின்றவள் முன்னால் வந்தாள். தற்காலிகமாக இருந்தபோது தனக்கு முப்பத்தொன்றாம் நம்பர் ஹெல்மெட் இருந்தது, அதைத் திறங்கள் என்றாள். திறந்தார்கள். அவள் முதல் வருஷம் முழுக்கப் பார்த்த வேலைகள் அத்தனையும் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும், சமீபத்தில் சேர்ந்த ஒரு பையனின் பெயர். மழையில் நனைந்துகொண்டே அவள் தனியாகக் கயிறு மாற்றிய ஆஸ்பத்திரி லிஃப்ட்கூட அவன் பெயரில்தான் இருந்தது.

"நான் செய்யாதது என் பேர்ல இருக்கு" என்றாள். "செஞ்சது அடுத்தவன் பேர்ல இருக்கு. இதை நம்பித்தான் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீங்களா?"

முதலாளி கடிதத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

*

இங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம்தான். முடித்துவிடத்தான் சூப்பர்வைசர் பார்த்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படிச் சொன்னால் இப்போது ஞாபகம் வருகிறது என்றார். பதினேழு முன்னால் முழுநிலாவுடையது. அது பட்டப்பெயர், ஆள் சீனியர் மெக்கானிக். போன வருஷம் ஒரே நாளில் நாலைந்து பேர் விலகி, சில பேருக்குப் பதவி உயர்வும் வந்து, ஹெல்மெட்டுகள் எல்லாம் மொத்தமாகக் கை மாறின. அப்போது முழுநிலா கப்பல் வேலைக்குப் போய்விட்டார். இப்போது எந்தக் கடலில் இருக்கிறாரோ. பிரேக்கைப் பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார், பாவம் இந்தப் பெண் மாட்டிக்கொண்டாள் என்றார்.

கம்ப்யூட்டர்க்காரரைக் கேட்டார்கள். அன்றைக்கு வந்த சீட்டுகளைக் கடகடவென்று அடித்துவிட்டு, சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். எந்த நம்பரில் யார் இருந்தார்கள் என்று அவருக்கும் ஞாபகம் இல்லை, வேறு யாருக்கும் ஞாபகம் இல்லை. அழித்த பெயரை அட்டவணை வைத்துக்கொள்ளாது.

முதலாளிக்கு உயிர் வந்தது. கப்பலில் இருக்கிற ஆள் மேல் போட்டுவிட்டால் கம்பெனியில் யாருக்கும் சேதம் இல்லை. அதிகாரிக்கு வேறு கடிதம் அடித்துவிடலாம் என்றார். மருமகளைப் பார்த்து, நாளையிலிருந்து வேலைக்கு வரலாம், நடந்ததை மறந்துவிடம்மா என்றார். பேனாவின் மூடியைத் தேடினார்.

சில்லறை சுவரில் தொங்கிய குரூப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒருவர் தலையில் காமிரா வெளிச்சம் பட்டு, படத்தின் பாதி வெளுத்துப் போயிருந்தது. முழுநிலா யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஒத்துக்கமாட்டேன்" என்றாள் மருமகள்.

எல்லோரும் திரும்பினார்கள். முதலாளி, உன்னைத்தான் விட்டாயிற்றே, இன்னும் என்ன என்று கேட்டார்.

"பிரேக்குல கை வைக்காம பிரேக்கைப் பத்திப் பேசாதேன்னு எனக்குச் சொன்னவரு அவரு. போகாத இடத்துக்குப் போனேன்னு எழுதற ஆளு இல்ல." ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல இல்லாதவர் தலையில கட்டிட்டு நான் வேலைக்கு வரணுமா? நேத்து நான், இன்னிக்கு அவரு. எனக்கு அந்த வேலை வேணாம் சார். லைசென்ஸை நாளைக்கு அவங்களே எடுத்துக்கட்டும்."

சூப்பர்வைசர், பார்த்தீர்களா திமிரை என்பது போல முதலாளியைப் பார்த்தார். முதலாளி, இதற்கு மேல் என்னால் ஆகாது என்று எழுந்தார்.

பொடிநடை எழவில்லை. அவர் மருமகளிடம் கையை நீட்டி, அந்த ஹெல்மெட்டைக் கொடும்மா என்றார். வாங்கி, மேஜை மேல், மன்னிப்புக் கடிதத்தின் மேலேயே மல்லாத்தி வைத்தார். உள்பட்டை எல்லோருக்கும் தெரிந்தது. நெற்றி படுகிற இடத்தில் அடர்த்தியான கறுப்பு. இரண்டு காதோரமும் அது இறங்கி, பின்கழுத்துப் பக்கம் மங்கியிருந்தது. விரலால் தேய்த்துக் காட்டினார். கிரீஸ் இல்லை. கிரீஸ் என்றால் வழுக்கும்.

"என்னது இது?" என்றார் முதலாளி.

"தலைக்கு அடிக்கிற மை" என்றார் பொடிநடை. "பல வருஷமா வேர்வையோட ஊறி ஊறி, சோப்புக்கும் போகாத மை. இந்தப் பொண்ணு வாங்கறதுக்கு முன்னாடி இந்த ஹெல்மெட்டை ரொம்ப நாள் போட்டிருந்தவரு, முடிக்கு மை அடிக்கிறவரு."

சில்லறை போட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெளுத்துப் போன அந்தத் தலையின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"இவருக்கு எதுக்கு சார் மை? எங்க அடிப்பாரு, எதுக்கு மேல அடிப்பாரு?"

கம்ப்யூட்டர்க்காரர் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார். ஏனென்றால் முதலாளி சிரிக்கவில்லை. முதலாளி, இவ்வளவு குளிரான அறைக்குள்ளும் தன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கிற ஒரே ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளின் காதோரத்துக் கறுப்புக் கோடு காய்ந்து போயிருந்தது. போன வருஷம் பதவி உயர்வு வந்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு முன்னால் அவர் தலையிலும் மஞ்சள்தான்.

சூப்பர்வைசர் என்னென்னவோ சொன்னார். வெயிலில் வேலை செய்தால் யாருக்கும் வேர்வை கறுப்பாகத்தான் வரும் என்றார். வெளி ஆட்களை உள்ளே விட்டதே தப்பு என்றார். ஒரு பொம்பளை கையில் ஸ்பேனரைக் கொடுத்ததிலிருந்தே தலைவலிதான் என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மருமகள் அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவள் உயரம் அவர் தோளுக்குத்தான் வந்தது.

"கழட்டுங்க சார்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார்.

"பக்கத்துல வச்சுப் பார்த்துடலாம். ஒண்ணும் இல்லேன்னா நானே கையெழுத்துப் போடறேன். பேனா தொறந்தேதான் இருக்கு."

வெள்ளை ஹெல்மெட் மெதுவாகக் கீழே இறங்கியது. அதையும் பொடிநடை மஞ்சளுக்குப் பக்கத்தில் மல்லாத்தி வைத்தார். நெற்றியில் அடர்த்தி. காதோரம் இரண்டு இறக்கம். பின்னால் மங்கல். ஒன்று பழைய கறை, இன்னொன்று இன்னும் ஈரம். மற்றபடி இரட்டைப் பிள்ளைகள்.

சூப்பர்வைசர் உட்கார இடம் தேடினார். நாற்காலியில் பொடிநடை இருந்தார். அதனால் நின்றுகொண்டே சொன்னார். பிரேக் இருப்பது மொட்டைமாடிக்கு மேலே உள்ள மோட்டார் அறையில், அங்கே ஏணி வைத்து ஏற வேண்டும். அவருக்கு மூச்சு வாங்கும். கீழேயே நின்று லிஃப்ட் போய் வருவதைப் பார்த்தார், எழுதிவிட்டு வந்துவிட்டார். லிஃப்ட் விழுந்த அன்றைக்குப் பயந்துகொண்டே ஃபார்மைத் திறந்தார். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது.

"நான் மாத்தலீங்க" என்றார். "அதுவாத்தான் மாறி இருந்திச்சு. நான் சும்மா இருந்தேன். அவ்வளவுதான்."

"சும்மா இல்ல. பிரிண்ட் எடுத்து மேஜையில கொண்டு வந்து வச்சது நீங்க" என்றார் முதலாளி. அன்று அவர் பேசிய முதல் உண்மையான வார்த்தை அது.

ஆனால் முதலாளி முதலாளிதான். அடுத்த மூச்சில், இது நமக்குள்ளேயே இருக்கட்டும், கம்ப்யூட்டரில் கோளாறு என்று அதிகாரிக்கு ஒரு வரி எழுதிவிடலாம், கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்று ஆரம்பித்தார். மருமகள் தன் மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துக் கைக்குட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை, கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னது என்றாள். இனிமேல் நம்பர் ஆளோடு போகட்டும், ஹெல்மெட்டோடு வேண்டாம் என்றாள். கம்ப்யூட்டர்க்காரர் வேகமாகத் தலையாட்டினார்.

"நாளைக்கு அதிகாரி முன்னாடி இதே மாதிரி ஒரு தடவை மாத்திக் காட்டணும்" என்றாள் முதலாளியிடம். "இந்தத் தடவை பதினேழுக்கு எதிர்ல உங்க பேரைப் போட்டு."

முதலாளி முடியாது என்றார். அப்படியானால் என் பெயரையே திரும்பப் போட்டுவிடுங்கள், நானே அதிகாரிக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொள்கிறேன், தையல்கார அம்மாவையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருகிறேன் என்றாள். முதலாளி இரண்டையும் நிறுத்துப் பார்த்தார்.

திரும்பி நடக்கும்போது சில்லறை கேட்டாள், அவர் மை அடிக்கிறவர் என்று சாருக்கு எப்போது தெரியும் என்று. வாசலிலேயே தெரியும் என்றார் பொடிநடை. அப்புறம் ஏன் அவ்வளவு நேரம் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள் என்று கேட்டாள்.

"மை அடிக்கிறது குத்தம் இல்லையே" என்றார். "பதினேழு ஆள் நம்பர் இல்ல, ஹெல்மெட் நம்பர்னு தெரிஞ்ச பிறகுதான் அது துப்பு."

"எனக்கும் நரைக்குது சார். இனிமே நான் மை அடிக்கமாட்டேன்."

மறுநாள் காலை அதிகாரி வந்தார். கம்ப்யூட்டர்க்காரர் பதினேழுக்கு எதிரே முதலாளியின் பெயரை அடித்து ஃபார்மைத் திறந்தார். முதலாளி பிரேக் சோதித்திருந்தார். அதிகாரி இரண்டு தடவை பார்த்துவிட்டு மருமகளின் லைசென்ஸை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். சூப்பர்வைசர் வேலைக்கு வரவில்லை. மருமகள் அந்தக் கட்டிடத்துக்குப் போய், மொட்டைமாடிக்கு மேலே ஏறிப் புது பிரேக்கை மாட்டி, பக்கத்துச் சுவரில் தன் பெயரை முழுசாக எழுதினாள். அதைப் பார்க்க மாமியார் அந்த லிஃப்டிலேயே மேலே போனார். பொடிநடை படியில் போனார்.